புது ஆற்று மதகும் பூமியின் காந்த வாலும்: அதிராம்பட்டினத்துக்கு ஒரு நாள்

போன புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை காலை தஞ்சாவூரில் இறங்கி, அதிராம்பட்டினம் வரை போய்விட்டு, அன்று ராத்திரியே பெங்களூருக்கு ரயில் ஏறினேன். ஒரு பக்கத்துக்கு அறுபது கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பதிவா என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். இந்த அறுபது கிலோமீட்டரை முப்பத்து மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டவள் நான். பெரிய கோயிலைப் பற்றி எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இது வேறு சமாச்சாரம்.

காரணம் ஒரு போன். ஜெமீலா, தஞ்சாவூரில் என்னோடு எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள், ஹாஸ்டலில் இருவருக்கும் ஒரே அறை. இப்போது சொந்த ஊரான அதிராம்பட்டினத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஓய்வுபெற இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது. நான் பெங்களூரில் செயற்கைக்கோள்கள் அனுப்பும் அளவுகளைப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். சூரியனிலிருந்து வீசும் காற்று பூமியின் காந்தப்புலத்தை என்ன செய்கிறது, பின்பக்கம் அதை எப்படி வாலாக இழுக்கிறது என்பதுதான் என் பிழைப்பு. ஆவணிக் கடைசியில் ஜெமீலா கூப்பிட்டாள்.

“கோமு, நம்ம கிராஃப ஃபிரேம் போட்டு லேப்ல மாட்டப் போறேன். நீ வந்துதான் திறந்து வைக்கணும். அப்படியே பிள்ளைங்களுக்கு வாலப் பத்தி ஒரு மணி நேரம் பேசிடு.”

எம்.எஸ்ஸி. படிக்கும்போது நாங்கள் இருவரும் சேர்ந்து சூரியக் காற்றை அளந்து வரைந்தது அது. அந்த கிராஃப் தப்பு. தப்பு என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதைச் சுவரில் மாட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் டிக்கெட் எடுத்தேன்.

மூன்றாம் வகுப்பு ஏ.சி., 890 ரூபாய். ரயில் தஞ்சாவூருக்கு ஆறே காலுக்கு வந்தது, பதினைந்து நிமிடம் தாமதம். ஸ்டேஷன் வாசலில் காபி இருபது ரூபாய். டபராவில் கொடுக்காமல் காகிதக் கப்பில் கொடுத்தார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் டிகாக்‌ஷன் பழைய மாதிரியே கனமாக இருந்தது. அந்த வாசனைக்கே எனக்கு இருபத்திரண்டு வயது திரும்பிவிட்டது. காலை ஐந்தரைக்கு வார்டன் கையெழுத்திட்ட சீட்டைக் காவலாளியிடம் காட்டிவிட்டு, இரண்டு பெண்கள் இரண்டு சைக்கிளில் இதே ரோட்டில் போவோம். கார்த்திகைப் பனியில் ஜெமீலாவின் முக்காடு நனைந்து கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். வழி முழுக்க அவள்தான் பேசுவாள், நான் பெடல் மிதிப்பேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் எங்கேயும் போனதில்லை.

முதலில் போக வேண்டிய இடம், ஒரத்தநாடு ரோட்டில் ஒன்பதாவது கிலோமீட்டரில் பிரிகிற ஒரு மண்சாலை. ஆட்டோவில் போய், அரை மணி காத்திருந்து, மறுபடி மெயின்ரோட்டில் விடுவதற்கு நானூறு ரூபாய் பேசினேன். ஐந்நூறில் ஆரம்பித்தார். ஏறி உட்கார்ந்ததும் விசாரணை ஆரம்பம்.

“அம்மா என்ன வேலையா வந்திருக்கீங்க?”

“ஸ்கூல் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்த. பூமிக்கு வால் இருக்கு, அதப் பத்தி.”

அவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். “மனுசனுக்கு இருந்த வாலே போயிடுச்சுங்கிறாங்க. பூமிக்கு இன்னும் போவலியா?”

சிரித்துவிட்டேன். வழியில் புது ஆற்றுப் பாலம் வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு: கல்லணைக் கால்வாயைத்தான் தஞ்சாவூரில் புது ஆறு என்பார்கள். தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, பாலத்துத் தூணைக் காட்டினேன். வருகிற தண்ணீர் தூணின் முகத்தில் மோதி இரண்டாகப் பிரிகிறது. முன்பக்கம் தூணை ஒட்டியே திரும்பிவிடுகிறது, பின்பக்கம் மட்டும் சுழித்துக்கொண்டு நீளமாக ஒரு தடம். சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தில் மோதுவதும் இப்படித்தான். சூரியனைப் பார்த்த பக்கத்தில் அந்தப் புலம் அறுபதாயிரம் கிலோமீட்டர் சுமாருக்கு நசுங்கிக் கிடக்கும். எதிர்ப்பக்கத்தில் நிலாவையும் தாண்டி லட்சக்கணக்கான கிலோமீட்டர் வாலாக நீளும். காற்று வேகமெடுத்தால் வால் ஆடும், ஒடுங்கும், சில சமயம் நடுவில் அறுந்துகூடப் போகும். டிரைவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அறுந்தா கரெண்டு போவுமா?” என்றார். பெரிய புயலாக இருந்தால் சில நாடுகளில் போயிருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு என்னை மரியாதையாகப் பார்த்தார்.

ஏழரைக்கு இடத்தை அடைந்தோம். என் பெரியப்பாவின் விதைக் கிடங்கு இருந்த இடம் அது. எங்கள் குடும்பத்து நிலமெல்லாம் கைமாறிப் பல வருடமாகிறது, கிடங்கும் இல்லை. அந்த மேட்டில் இப்போது ஹாலோ பிளாக் கற்கள் அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் கீழே கிளை வாய்க்காலும் அதன் தலைமதகும் அப்படியே இருந்தன. நான் பார்க்க வந்தது அந்த மதகைத்தான்.

அந்தக் கிடங்குதான் எங்கள் ஆய்வுக்கூடம். காலி ஊறுகாய் பாட்டில் ஒன்று, அதற்குள் என் அம்மாவின் கல்யாணப் பட்டிலிருந்து உருவிய ஓர் இழை, இழையின் நுனியில் ஒரு சின்னக் காந்தம், காந்தத்தில் ஒட்டிய கண்ணாடிச் சில்லு. டார்ச் வெளிச்சம் சில்லில் பட்டு மூன்று மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டிய கிராஃப் தாளில் ஒரு புள்ளியாக விழும். பூமியின் காந்தப்புலம் துளி திரும்பினாலும் காந்தம் திரும்பும், புள்ளி நகரும். சூரியக் காற்று பலமாக அடிக்கிற அன்று அதை நாங்கள் சுவரிலேயே பார்த்துவிடலாம் என்று நினைப்பு. எங்கள் பேராசிரியர், “நம்ம ஊர்ல அகப்படறது கஷ்டம். அகப்பட்டா அதிர்ஷ்டம்” என்று சொல்லித்தான் அனுப்பினார்.

பக்கத்தில் இரும்பு இருந்தால் காந்தம் ஏமாந்துவிடும். அதில் ஜெமீலா மகா கெட்டி. சைக்கிள்களை ஐம்பது மீட்டர் தள்ளிப் புளியமரத்தடியில் நிறுத்த வேண்டும். சாவிக்கொத்து, ஹேர்பின், முக்காட்டு ஊசி, என் தாவணி ஊக்கு எல்லாம் மரப்பொந்துக்குள் போய்விடும். தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழ, தாவணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காலை ஆறிலிருந்து எட்டு வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் புள்ளியைக் குறிப்போம். பட்டிழை முறுக்கிக்கொள்ளும் என்பதால் தினமும் தொடங்கும்போது புள்ளியை மறுபடி பூஜ்யத்தில் கொண்டுவந்து வைப்போம்.

கார்த்திகை முழுக்க ஒன்றுமில்லை. மார்கழியில் ஒரு நாள் ஆறரை மணிக்குப் புள்ளி நகர்ந்தது. சுளையாக நாலு மில்லிமீட்டர். ஜெமீலா என் கையை இறுக்கிப் பிடித்ததில் வளையல் உடைந்தது. “கோமு, பாத்தியாடி, சூரியன்லேருந்து வருதுடி!” என்று அவள் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. அதையும் சேர்த்துத் தை வரை மொத்தம் ஏழு தடவை நகர்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கண் கலங்கும்.

எட்டாவது தடவை நான் மட்டும் இருந்தேன். தங்கையின் நிச்சயத்துக்காக ஜெமீலா ஊருக்குப் போயிருந்தாள். ஆறரைக்குப் புள்ளி நகரத் தொடங்கியது. அதே நேரத்தில் வெளியே கிரீச் கிரீச் என்று ஒரு சத்தம். சத்தம் நின்றது, புள்ளி நின்றது. மறுபடி சத்தம், மறுபடி நகர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கிடங்குச் சுவருக்கு அந்தப் பக்கம், ஏழெட்டு மீட்டரில், காட்டாமணக்குப் புதருக்கு நடுவே லஸ்கர் மதகின் இரும்பு ஷட்டரை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். லஸ்கர் என்றால் வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடுகிற பாசனத் துறை ஊழியர். அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் குறைவு, அதனால் மார்கழியிலிருந்து முறை வைத்து விட்டார்கள். ஆறு நாள் திறப்பு, ஆறு நாள் அடைப்பு.

“என்னம்மா, இன்னிக்கு ஒத்தையா வந்திருக்கீங்க? அந்தப் பாய் வீட்டுப் பொண்ணு வரலியா?” என்று கேட்டார் லஸ்கர்.

ஹேர்பின்னைக் கழற்றி மரப்பொந்தில் வைத்தவர்கள், முந்நூறு கிலோ இரும்பு பக்கத்திலேயே ஏறி இறங்குவதைப் பார்க்கவில்லை. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் இப்படி ஒரு தப்பு வரும். வெளியூர்க்காரர் யாராவது வந்திருந்தால் முதல் நாளே, “இது என்ன இரும்பு?” என்று கேட்டிருப்பார். எங்களுக்கு மதகு என்பது வானம் மாதிரி, எப்போதும் அங்கே இருப்பது. அதிலும் நான் மிராசு வீட்டுப் பெண், முறைப்பாசனம் என்ற வார்த்தையைக் கேட்டே வளர்ந்தவள். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

உள்ளே போய் நோட்டில் எழுதினேன்: 6:34, நாலு மில்லிமீட்டர். அறிக்கை கொடுக்க நாலு நாள்தான் இருந்தது. அதைத் தூக்கிப் போட்டால் கையில் ஒன்றுமில்லை, பிஎச்.டி. இடமும் இல்லை. ஜெமீலா ஒரு டப்பா பணியாரத்தோடும், பஸ்ஸிலேயே எழுதி முடித்த முன்னுரையோடும் திரும்பி வந்தாள். முகமெல்லாம் அப்படி ஒரு ஒளி. நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. நேர்முகத் தேர்வில் அந்த அறிக்கையைப் பற்றித்தான் கேட்டார்கள், எனக்கு இடம் கிடைத்தது. ஜெமீலாவுக்கு அந்த வருடமே கல்யாணம் ஆனது. ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் மாதம், பழைய பதிவேடுகளில் எங்களுடைய எட்டு நாளையும் தேடிப் பார்த்தேன். எட்டிலும் சூரியக் காற்று சாதுவாகத்தான் இருந்திருக்கிறது. வால் அசையவே இல்லை.

இந்தப் பயணத்தில், அந்த வியாழக்கிழமை காலை, அதே மதகுக்குப் பக்கத்தில் நின்று போனில் காந்தமானியைத் திறந்தேன். (எல்லா போனிலும் இருக்கிறது, திசைகாட்டி அதை வைத்துத்தான் வேலை செய்கிறது.) தள்ளி நிற்கும்போது 41 மைக்ரோடெஸ்லா காட்டியது. ஷட்டரை ஒட்டிக் கொண்டுபோனால் 60க்கு மேல் துள்ளியது. பின்னாலிருந்து ஒரு குரல்.

“யாருங்க? என்ன அளக்குறீங்க? மீத்தேனா?”

இப்போதைய லஸ்கர். டெல்டாவில் கருவியோடு நிற்கிற யாரைப் பார்த்தாலும் வயலைத் தோண்டி எரிவாயு எடுக்க வந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள், அதில் தப்பும் இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இத அன்னிக்கே அந்த லஸ்கர்ட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பாரேம்மா.” ஆமாம், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இந்த ஷட்டரும் பழையதில்லையாம், மாற்றி நாலைந்து வருடம் ஆகிறதாம்.

எட்டு இருபதுக்கு மெயின்ரோட்டில் பட்டுக்கோட்டை பஸ் கிடைத்தது. 39 கிலோமீட்டர், 35 ரூபாய், ஒரு மணி இருபது நிமிடம். ஜன்னலோரம் இடது பக்கம் உட்காருங்கள், காலை வெயிலுக்கு முகத்தைக் கொடுக்கத் தயார் என்றால் வயல்கள் நன்றாகத் தெரியும். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது, பாதி ஆட்கள், பாதி மிஷின். பட்டுக்கோட்டையில் டிபன் 70 ரூபாய், பொங்கலில் மிளகு அதிகம். அங்கிருந்து அதிராம்பட்டினம் 12 கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதை மறந்து காசை நீட்டினேன், கண்டக்டர் அம்மா சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். பத்தே முக்காலுக்கு இறங்கியபோது உப்புக்காற்று முகத்தில் அடித்தது.

ஜெமீலா பஸ் ஸ்டாப்பிலேயே நின்றாள். முடி முழுக்க நரைத்திருந்தது, பேச்சு மட்டும் அதே வேகம். “வாடி. என்ன இப்படி எளச்சுப் போயிட்டே? பெங்களூர்ல சோறு போடறதில்லையா?” வீட்டில் அவள் கணவர் ஹாஜா இருந்தார், இருபது வருடம் சவூதியில் இருந்துவிட்டு வந்தவர். “வாங்கம்மா, உங்க பேர நான் கேக்காத நாளே கிடையாது” என்றார். இடியாப்பமும் மீன் ஆணமும் வைத்தாள். குழம்பைத்தான் இவர்கள் ஆணம் என்பார்கள். வாவல் மீன், தேங்காய்ப்பால், அடேயப்பா! சாப்பிடும் முன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன், டீ வந்தது. பழைய வார்டனைப் பற்றியும், மழையில் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்ததைப் பற்றியும் பேசிப் பேசி இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஒவ்வொரு சிரிப்புக்கும் அப்புறம் சொல்வது இன்னும் கஷ்டமானது. நான் ஒரு கோழை என்பதை அந்த வீட்டு ஹாலில்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன்.

இரண்டு மணிக்குப் பள்ளி. லேப் சுவரில் பட்டுத்துணி மூடிய ஃபிரேம், கீழே நாற்பது பெண்கள். கடைசியில் திறப்பு, முதலில் பாடம் என்றாள் ஜெமீலா. எனக்கு ஒரு மணி நேரம் அவகாசம் கிடைத்தது.

பாடம் நன்றாகவே போனது, அதில் பெருமை உண்டு. சூரியக் காற்று சாதாரண நாளில் வினாடிக்கு நானூறு கிலோமீட்டர் வேகம். அதோடு சூரியனின் காந்தப்புலமும் சேர்ந்து வரும். அது வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பாலும் பூமியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். தெற்கு நோக்கித் திரும்பினால் பூமியின் காந்தக் கோடுகளோடு கோத்துக்கொண்டு, அவற்றை முன்பக்கத்திலிருந்து உரித்துப் பின்னால் கொண்டுபோய் வாலில் சேர்க்கும். வால் பருக்கும், இழுபடும், ஒரு கட்டத்தில் தாங்காமல் அறுந்து இணையும். அறுந்ததில் ஒரு பங்கு விண்வெளிக்குப் போய்விடும், மற்ற பங்கு பூமியை நோக்கிச் சுண்டிவிட்ட மாதிரி வந்து துருவத்து வானத்தில் வெளிச்சமாக எரியும். புதன் கிரகத்தின் வால் சின்னது, அங்கே இந்தக் கூத்து முழுவதும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வியாழனின் வாலோ சனியின் பாதை வரை நீளும். பௌர்ணமியை ஒட்டிய சில நாள் நம் நிலா பூமியின் வாலுக்குள்தான் இருக்கிறது என்றதும், “ஹையோ!” என்று ஒரு சத்தம் எழுந்தது. சூரியன் நம் பார்வைக்கு இருபத்தேழு நாளுக்கு ஒரு முறை சுற்றுவதால், அதே காற்று இருபத்தேழு நாள் கழித்து மறுபடி வரும் என்றும் சொன்னேன்.

அப்புறம், நான் தயங்கி நிற்பதைப் பார்த்து, ஜெமீலாவே துணியை விலக்கினாள். எங்கள் கிராஃப், என் கையெழுத்து, அவள் கையெழுத்து. “இதுதான் நானும் இவங்களும் பாத்த சூரியக் காத்து. உங்களுக்கு முன்னாடி படிச்ச ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்லியிருக்கேன்” என்றாள். கைத்தட்டல். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“மேடம், நீங்க இருபத்தேழு நாள்னு சொன்னீங்க. இதுல ஆறு நாளைக்கு ஒரு தடவ வருதே, ஏன்?”

என்னால் சுலபமாகச் சமாளித்திருக்க முடியும். சூரியனில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து வேகக்காற்று கிளம்பினால் இடைவெளி குறையும், இது உண்மையான அறிவியல், யாரும் என்னைப் பிடிக்க முடியாது. ஜெமீலா பெருமையாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ரொம்ப நல்ல கேள்வி. அஞ்சு நிமிஷம் குடுங்க, அத முதல்ல உங்க டீச்சர்ட்ட சொல்லணும்” என்று அவள் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தேன்.

சொன்னேன். மதகு, லஸ்கர், கிரீச் சத்தம், 6:34, எல்லாம். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நான் பணியாரத்தோட வந்தேனே, அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் முகம் வெளுத்துப்போனது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் வாசலில் நின்றேன். “பிள்ளைங்களா, அந்தக் கேள்விக்குப் பதில் கிடைச்சிடுச்சு” என்று ஆரம்பித்து ஹேர்பின், மரப்பொந்து, முந்நூறு கிலோ ஷட்டர் என்று அவளே சொன்னாள். சிரிக்க வைத்துச் சொன்னாள், லேப்பே அதிர்ந்தது. ஃபிரேமைக் கழற்றவில்லை. அடியில் ஒரு தாள் ஒட்டி, ‘புது ஆற்றுக் கிளை வாய்க்கால் மதகு’ என்று கேள்வி கேட்ட பெண்ணையே எழுதச் சொன்னாள். நான் அன்று அந்த உண்மையை வைத்தும் ஓர் அறிக்கை எழுதியிருக்கலாம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தாள். உப்பளத்து ரோட்டில் தலையைக் குனிந்தபடி நடந்தாள். என்னால் தாங்க முடியாமல், “திட்டிடுடி” என்றேன்.

“திட்டி என்ன ஆவப்போவுது?” என்றாள். கொஞ்ச தூரம் நடந்தபின் நின்றாள். “மாப்பிள்ளை வீடு பேசி வந்தப்ப வாப்பா என்ன சொன்னாங்க தெரியுமா? ‘மேல படிக்கணும்னா சொல்லும்மா, ரெண்டு வருஷம் பொறுக்கச் சொல்லி நான் பேசறேன்’னாங்க. நாந்தான் வேணாம்னுட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. எட்டுத் தடவ பாத்தாச்சு, ஒரு ஆயுசுக்கு இது போதும்னு நெனச்சேன். பாக்கலேன்னு தெரிஞ்சிருந்தா நான் படிப்ப விட்டுட்டுப் போயிருக்க மாட்டேன், கோமு. பாக்காம போயிருக்கவே மாட்டேன்.”

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. ஐந்து பத்துக்கு பஸ் வந்தது, ஏறினேன். கை அசைக்காமல் நின்றாள். தஞ்சாவூரில் எட்டே காலுக்கு ரயில்.

போக நினைப்பவர்களுக்கு: தஞ்சாவூரிலிருந்து அதிராம்பட்டினம் ஒரே நாளில் சௌகரியமாகப் போய் வரலாம், ரயில் தவிர என் செலவு 600 ரூபாய்க்குள்தான். புரட்டாசியில் போங்கள், ஆற்றில் தண்ணீர் இருக்கும், மழை தொடங்கியிருக்காது. பாட்டில் காந்தமானி செய்து பார்க்க விரும்பினால் செலவு ஒன்றுமில்லை. கட்டும் முன் அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம், “இங்கே இரும்பு ஏதாவது அசையுமா?” என்று கேளுங்கள். கூட வேலை செய்கிறவரிடம் எதையும் நாலு நாளுக்கு மேல் மறைக்காதீர்கள், அப்புறம் அது முப்பது வருடமாகிவிடும்.

பதிவை இங்கேயே முடித்து வைத்திருந்தேன். போன சனிக்கிழமை நடந்ததையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. நடுவில் ஐந்து வாரம் ஜெமீலா என் போனை எடுக்கவில்லை. ஹாஜாதான் ஒரு நாள் கூப்பிட்டு, மழைக்காலத்தில் காலியாகக் கிடக்கும் உப்பளக் கொட்டகை ஒன்றில் அவள் பாட்டில் காந்தமானி கட்டியிருப்பதாகவும், விடுமுறை நாளெல்லாம் அங்கேயே கிடப்பதாகவும் சொன்னார். அந்தச் சனிக்கிழமை காலை பத்து இருபதுக்கு, பூமிக்குப் பதினைந்து லட்சம் கிலோமீட்டர் முன்னால் நிற்கும் செயற்கைக்கோளில் சூரியக் காற்றின் வேகம் வினாடிக்கு 380 கிலோமீட்டரிலிருந்து 720க்குத் தாவியது. அது பூமிக்கு வர முப்பத்தைந்து நிமிடம் ஆகும். ஹாஜாவுக்குப் போன் போட்டேன். அவர் ஸ்கூட்டரில் ஓடிப்போய், வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொட்டகைக்குப் பத்தடி தள்ளி மண்ணில் வைத்தார்.

“ஜெமீலா, வருதுடி. பத்து மணி அம்பத்தஞ்சு சுமாருக்கு.”

“சரி” என்று உள்ளேயிருந்து ஒரு குரல், அவ்வளவுதான். பத்து ஐம்பத்தெட்டுக்கு அந்தக் குரல் உடைந்தது. “நகருது... யா அல்லா, நகருது. ரெண்டு மில்லிமீட்டர். ரெண்டேதான்.” மதகு காட்டியதில் பாதி. கொஞ்ச நேரம் அவள் அழுவது மட்டும் கேட்டது.

“அதுதாண்டி. நிஜமாவே அதுதான். இந்நேரம் அந்தப் பக்கம் வால் மொத்தமும் ஆடிக்கிட்டிருக்கும்” என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்து போனைக் கையில் எடுத்தாள்.

“நீ சொன்னா பத்தாது, கோமு. உங்க மிஷின் பதிஞ்சத நேரத்தோட அனுப்பு. நானே வச்சுப் பாத்துக்கறேன்.”

முப்பத்து மூன்று வருடம் என் வார்த்தையை அப்படியே நம்பியவள் அவள். அழுதுகொண்டே அனுப்பினேன்.